விட்டுப்போன மீன்

பையைத் தூக்கி மடியில வெச்சிக்க கண்ணு, கீழ வெக்காத. கீழ பாரு, எவனோ வெத்தல போட்டுத் துப்பி வெச்சிருக்கான். த்தூ. பஸ்ஸுன்னு ஏறினா ஒரே நாத்தம். சோறுதான் திங்கறானுங்களா வேற எதாவது திங்கறானுங்களான்னு எனக்கு சந்தேகம். இந்தாண்ட நவுந்து குந்து. செஞ்சி போற வரைக்கும் இந்தக் கண்றாவியிலதான் போவணும்.

நீயும் எங்க ஊர்லதான ஏறன? கழுத்துல கேமராவ பாத்தவொடனே நெனச்சேன், எழுத்துப் பாறைக்குத்தான் வந்திருப்பன்னு. படிக்கற பொண்ணா? நல்லாப் படி. ஆனா மூஞ்சி ஏன் இப்படித் தொங்கிப் போயி கெடக்குது? எல்லாம் நல்லாத் தெரிஞ்சிதில்ல? மானு, மாடு, கையத் தூக்கிக்கினு நிக்கற மனுசன், அந்த வட்டம் வட்டமா இருக்கறது, எல்லாம்? முன்னாடியெல்லாம் வர்றவங்க வெயிலு சாயற வரைக்கும் காத்துக் கெடப்பாங்க. அப்பதான் கோடு கொஞ்சம் தெரியும். இப்ப உச்சி வெயில்லயே பளிச்சுனு தெரியுது. எல்லாம் நான் பண்ண வேலை. ஆமாம்மா, நான்தான். விருத்தாம்பான்னு கேட்டுப் பாரு எங்க ஊர்ல.

அந்தப் பாறை இருந்த இருப்ப நீ பாத்திருக்கணும். பாத்திருந்தா மூனு நாளைக்கு சோறு எறங்காது. சாயங்காலம் ஆனா தடிப்பசங்க பாட்டிலோட ஏறிடுவானுங்க. குடிச்சிட்டு அங்கயே ஒடைப்பானுங்க. பிரியாணிப் பொட்டலம், கோழி எலும்பு, வாந்தி. பாறைக்குப் பின்னாடி கால் வெக்க முடியாது, சொல்லவே வாய் கூசுது. பாறை மேலயே ஒருத்தன் பச்ச பெயிண்டுல, "சந்தியா ஐ லவ் யூ, இப்படிக்கு கோகுல்"னு எழுதி வெச்சிருந்தான். சந்தியாவுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு புள்ள. அந்த கோகுலு இன்னும் அங்கதான் குடிச்சிக்கினு இருக்கறான். எனக்கு அசிங்கம்னா ஆவாது கண்ணு. பொறந்ததுலேர்ந்தே அப்படி. ஒரு எடம் அழுக்கா இருந்தா எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்கும்.

அப்பதான் அறவாழி சார் வந்தாரு. காலேஜ் வாத்தியாரு. ஊரு ஊரா மலை மலையா ஏறிப் பாறையப் பாக்கறதுதான் அவுருக்கு வேலை. நல்ல மனுசன், வேட்டி கூட அழுக்காவாம ஏறி எறங்குவாரு. அவுருதான் சொன்னாரு, இது இரும்பே இல்லாத காலத்துல, கல்ல வெச்சுக் கல்லக் கொத்திப் போட்டதாம். எழுத்துப் பாறைன்னு நாம சொல்றோம், ஆனா எழுத்துன்னு ஒன்னு பொறக்கறதுக்கு முன்னாடி போட்டதாம். "இத கவர்மெண்டு பாதுகாக்கற எடம்னு சொல்லிட்டா, சுத்துப்பட்டுல ஒரு வெடி வெக்க முடியாதும்மா. குவாரிய மூடித்தான் ஆவணும்"னாரு. நான் அவுர் கால்ல உழாத கொறைதான்.

ஏன்னு கேளு. எங்க வூட்டுக்கும் ஜெயவேலு குவாரிக்கும் நடுவுல ரெண்டு கொல்லைதான். மத்தியானம் சங்கு ஊதுவான். ஊதினா ஆடு மாடு கூட உள்ள ஓடிடும், பழகிப் போச்சு. அப்புறம் டம்முனு ஒன்னு. அடியிலேர்ந்து எவனோ எட்டி ஒதச்ச மாதிரி வூடே ஒரு தூக்கு தூக்கும். செவுத்து விரிசல்ல வெரல் நுழையுது. காயப் போட்ட துணி மேல தூசி, தண்ணிக் கொடத்துல தூசி, சோத்துல தூசி. ஒரு நாளைக்கு நாலு வாட்டி பெருக்கறேன். பெருக்கி நிமுந்தா மறுபடியும் வெள்ளையா கெடக்கும். அந்த ஜெயவேலு எதுக்க வந்தா நான் காறித் துப்பிட்டுத்தான் அந்தாண்ட போவேன். வாயில இல்லன்னாலும் மனசுக்குள்ள.

அதையும் பொறுத்துக்கினேன். எம் புள்ள விசயத்துலதான் பொறுக்க முடியல. தனசேகருன்னு ஒரே பையன். முப்பத்திமூனு முடியுது. எங்க ஊருப் பேரச் சொன்னாலே, "ஓ, குவாரி ஊரா"ன்னு ஜாதகத்தத் திருப்பிக் குடுத்துடறாங்க. கடசியில ஒரு எடம் அமைஞ்சிது. பொண்ணு வூட்டுக்காரங்க வூடு பாக்க வர்றோம்னாங்க. குவாரிக்கு லீவுன்னு ஞாயித்துக்கெழமையா பாத்து வரச் சொன்னேன். வூட்ட மூனு வாட்டி தொடச்சேன். கேசரி, பஜ்ஜி, காப்பி, எல்லாம் ஆச்சு. பொண்ணோட அம்மா கேசரித் தட்டக் கையில வாங்குது, அன்னிக்கின்னு பாத்து ஊதறான் சங்கு. டம்முன்னான். மேல பூச்சு பேந்து நேரா வந்து அந்தக் கேசரி மேல உழுந்துது. அந்தம்மா தட்டக் கீழ வெச்சிட்டு, பொடவைய ஒதறிக்கினு, "போன் பண்றோம்"னாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்த போன் வரல. எம் புள்ள அந்தக் கேசரிய எடுத்துக்கினு போயி குப்பையில கொட்டினான் பாரு, அத இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

அதனாலதான் சொல்றேன், அந்தப் பாறைதான் எம் புள்ளைக்குத் தாலி எடுத்துக் குடுக்கப் போவுதுன்னு நான் நெனச்சிருந்தேன்.

அறவாழி சார் எழுதிப் போட்டு, நடையா நடந்து, கடசியில மெட்ராஸ்லேர்ந்து ஆபீசருங்க பாக்க வர்றாங்கன்னு முடிவாச்சு. சார் வந்து எங்கிட்டதான் சொல்லிட்டுப் போனாரு. "அவங்க வர்ற வரைக்கும் யாரும் அதும்மேல கை வெக்காம பாத்துக்கங்கம்மா. தண்ணி கூட ஊத்த வேணாம்"னாரு. குடிகாரப் பசங்களச் சொல்றாருன்னு எனக்குத் தெரியாதா? "நீங்க நிம்மதியா போங்க சார், நான் பாத்துக்கறேன்"னேன்.

நீயே சொல்லு. கலெக்டர் வர்றாருன்னா ரோட்டோரத்துப் புளியமரத்துக்கே வெள்ளையடிச்சு காவிப்பட்டை போடறாங்க. மெட்ராஸ்லேர்ந்து ஆபீசருங்க வர்றாங்க, நாம வாந்தியையும் கோகுலையுமா காட்டறது? எங்க மகளிர் குழுப் பொம்பளைங்கள ஏத்திக்கினு போனேன். மூக்கப் புடிச்சிக்கினு பாட்டிலப் பொறுக்கினோம். கழுவினோம். அந்தப் பச்ச பெயிண்டு மட்டும் போவல. கக்கூசு கழுவற ஆசிட்ட ஊத்தி, இரும்பு பிரஸ்ஸால ஒரு தேய் தேச்சேன். பொகஞ்சிது. கோகுலும் போனான், சந்தியாவும் போனா. கூடவே அங்க இருந்த மாடும் பாதி போயிடுச்சு. அது ஏற்கெனவே மங்கலாத்தான் இருந்துது, அத வுடு.

கழுவி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சிது, மொத்தப் பாறையுமே அப்படித்தான் தேஞ்சு கெடக்குது. எம்மாம் காலம் மழையும் வெயிலும்? எங்கூட வந்த அஞ்சலாட்சி, ஆடு மேய்க்கறவ, "எக்கா, ஆபீசருங்க கண்ணுக்கு இது தெரியுமா?"ன்னா. அவ கேட்டதுதான் கேட்டா, எனக்குப் பொறி தட்டிச்சு. கல்லு தேஞ்சா இன்னா பண்ணுவோம்? அம்மி தேஞ்சா இன்னா பண்ணுவோம்? கொத்துவோம். நீ மிக்ஸியில அரைக்கறவ, உனக்குத் தெரியாது. தேஞ்ச அம்மியில மொளகா வழுக்கும், அரைபடாது. உளிய வெச்சுப் புள்ளி புள்ளியா ஒரு கொத்து கொத்தினா புது அம்மி மாதிரி ஆயிடும். சார் வாயாலயே சொன்னாரே, இதுவும் கொத்திப் போட்டதுதான்னு. அந்தக் காலத்துல கொத்தினவன் இருந்திருந்தா அவனே வந்து ஒரு வாட்டி கொத்திட்டுப் போயிருப்பான்.

அஞ்சலாட்சி மட்டும், "சாரை ஒரு வார்த்த கேட்டுக்கலாமே எக்கா"ன்னா. மூளையக் கழட்டி வெச்சவ. அம்மி கொத்தறதுக்குக் காலேஜ் வாத்தியார எவளாவது கேப்பாளா?

செஞ்சியில காத்தவராயன்னு ஒருத்தன். டிவிஎஸ் வண்டியில, "அம்மி கொத்தறது, ஆட்டுக்கல்லு கொத்தறது"ன்னு கூவிக்கினு வருவான். இப்ப அவனையும் யாரு கூப்புடறா, பாவம். அவன மலை மேல கூட்டினு போனேன். பாத்துட்டுத் தலையச் சொறியறான். "எக்கா, இது சாமி சமாச்சாரமா?"ன்னான்.

"சாமி இல்லடா, கவர்மெண்டு"ன்னேன்.

"அப்ப சரி"ன்னுட்டு உளிய எடுத்தான்.

கையில தொழில் இருக்குது அவனுக்கு. கோட்ட வுட்டு ஒரு நூலு அந்தாண்ட இந்தாண்ட போவல. நான் பக்கத்துலயே குந்திக்கினேன், எவனாவது வந்து தொந்தரவு பண்ணப் போறான்னு. ஒன்னு ரெண்டு திருத்தம் நான் சொன்னேன். மானுக்குக் கண்ணே இல்ல, மூளியா நிக்குது. ஒரு கண்ணு வெச்சு வுடுடான்னேன். வெச்சான். அப்படியே உசுரு வந்த மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் அந்த ஆம்பள உருவம் ஒன்னு. அத எப்படிச் சொல்லுவேன் உங்கிட்ட. ஒன்னுமே கட்டாம நிக்கறான். கருமம், எந்தக் காலமா இருந்தா இன்னா, வெக்கம்னு ஒன்னு கெடையாதா? ஆபீசருங்கள்ல பொம்பளையும் வருவாங்களே. ஒரு வேட்டி கட்டி வுடுடான்னேன். இடுப்பச் சுத்தி ரெண்டு கோடு, கரையோட. பாத்தியா அத? பாத்திருப்ப.

ஆபீசருங்க வந்தாங்க. ஒரு அம்மா, ரெண்டு ஆம்பளைங்க, அறவாழி சாரு. நான் பட்டுப் பொடவ கட்டிக்கினு, மோர் கொண்டுக்கினு முன்னாடியே மேல போயி நின்னேன். சார்தான் மொதல்ல ஏறினாரு. பாறையப் பாத்தாரு. அப்படியே குந்திட்டாரு. வெயிலு, மலை, வயசாச்சு. "சார், சுகர் மாத்திர போட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவுரு என்னயே பாக்கறாரு. அந்த ஆபீசரம்மா, "யாரு பண்ணது இது?"ன்னாங்க. "நான்தாம்மா, ஒத்த ஆளா நின்னு பண்ணேன்"னேன். ஒரு நன்றி? ஒரு நல்ல வார்த்த? மூஞ்சியத் திருப்பிக்கினாங்க. மோரத் தொடக்கூட இல்ல. படிச்சவங்க மரியாதையப் பாத்துக்க.

அப்புறம் அந்தம்மா கீழ் மூலையில, சப்பாத்திக் கள்ளிக்குப் பின்னாடி, இன்னாவோ பாத்துட்டு, "சார், இங்க வாங்க"ன்னு கத்தினாங்க. எல்லாம் ஓடினாங்க. நானும் எட்டிப் பாத்தேன். ஒரு மீனு. காத்தவராயன் சுத்திய ஓங்க எடம் பத்தாதுன்னு அத வுட்டுட்டான் போல இருக்குது. கண்ணுக்கே தெரியாத மங்கலு. அது முன்னாடி நாலு பேரும் மண்டி போட்டு, கண்ணாடி வெச்சுப் பாக்கறாங்க, போட்டோ புடிக்கறாங்க, அளவெடுக்கறாங்க. இம்மாம் பெரிய பாறையில அம்மாம் வேல பண்ணி வெச்சிருக்கறேன், அதத் திரும்பிக்கூடப் பாக்கல.

சாருக்கு அப்பதான் உசுரே திரும்பி வந்துது. என் ரெண்டு கையையும் புடிச்சிக்கினாரு. "அம்மா, இந்த மீனு மேல மட்டும் உளி படல. இது போதும். பெரிய ஆபீசர் திங்கக்கெழம வர்றாரு, அவுருக்கு இத காட்டப் போறோம். உங்கள கையெடுத்துக் கும்புடறேன், அது வரைக்கும் யாரையும் கிட்ட வுடாதீங்க"ன்னாரு.

எனக்கு வெக்கம் புடுங்கித் தின்னுது கண்ணு. பந்தியில பதினாறு வகை வெச்சாலும் அப்பளம் வெக்கலன்னா அதத்தான் சொல்லிக் காட்டுவாங்க. சாரு பெரிய மனசு பண்ணி "இது போதும்"னு சொல்றாரு. போதுமா? பெரிய ஆபீசருக்குக் காட்டப்போறதே அந்த மீனத்தான்னா, அதயா மங்கலா வெச்சிருக்கறது? மறுநாளே காத்தவராயனக் கூட்டினு வந்து, கள்ளிய வெட்டிப் போட்டு, படுத்துக்கினே கொத்தச் சொன்னேன். சார் சொன்ன மாதிரியே வேற யாரையும் கிட்ட வுடல. மீனுக்கு செதிலு, வாலு, மீசை, எல்லாம் வெச்சுக் குடுத்தான். கொழம்பு வெக்கலாம் போல இருந்துது.

திங்கக்கெழம பெரிய ஆபீசர் வந்தாரு. சாரு முன்னாடி ஓடி, "இதான் சார், இங்க"ன்னு குனிஞ்சாரு. குனிஞ்சவரு நிமுரவே இல்ல. பெரிய ஆபீசர் மீனப் பாத்தாரு, சாரைப் பாத்தாரு, "போலாம்"னாரு. சாரு கையில பழைய போட்டோல்லாம் வெச்சிருந்தாரு, அத நீட்டறாரு. "போட்டோல இருக்கறதுக்கு நான் பாதுகாக்கற எடம்னு போர்டு வெக்க முடியாது சார். பாறையில இருக்கணும்"னுட்டு எறங்கிட்டாரு.

பாறையில இருக்குதேய்யா! கண்ணு அவிஞ்சா போச்சு? புதுசா இருக்குதாம். கொத்தினா புதுசாத்தான இருக்கும்? எங்க மாமியா அம்மிய நான் வருசா வருசம் கொத்தறேன், அது எங்க மாமியா அம்மி இல்லன்னு ஆயிடுமா? கேக்க ஒரு நாதி இல்ல. எல்லாம் ஜெயவேலு துட்டு வெளையாடி இருக்குது, எனக்குத் தெரியும். ஆபீசர் ஜீப்புல ஏறும்போது அவன் கல்லு ஒடைக்கற கிரஷர் கிட்ட நின்னு சிரிச்சத நான் என் கண்ணால பாத்தேன். சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. த்தூ.

குவாரிக்கு இப்ப மலைப் பக்கமாவும் வெட்டிக்கலாம்னு பர்மிட்டு குடுத்துட்டாங்க. முன்னாடி மத்தியானம் மட்டும், இப்ப காலையிலயும் ஊதறான். எங்க வூட்டுக்காரரு வாயத் தொறந்து, "புள்ளையார் புடிக்கப் போயி"ன்னாரு. அதுக்கு மேல ஒரு வார்த்த வந்தா சோறு கெடையாதுன்னு சொல்லிட்டேன்.

ஆனா எம் புள்ளைய அப்படி அதட்ட முடியலயே. அவன் பைய எடுத்துக்கினு ஓசூருக்குக் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். போம்போது என் மூஞ்சியப் பாக்கல. "உன்னால கைய வெச்சிக்கினு சும்மா இருக்கவே முடியாதாம்மா?"ன்னு கேட்டான். அவனுக்காகத்தான ஆசிட்டுல என் கை தோலு உரிஞ்சிது? போன் பண்ணா அவங்கப்பாகிட்ட பேசறான், எங்கிட்டக் குடுன்னு சொல்றதில்ல. பெத்த வயிறு கண்ணு. தட்டுல சோத்தப் போட்டா அவன் ஞாபகம் வருது, அந்தத் தூசியோட கண்ணீரையும் சேத்துத்தான் திங்கறேன். நான் இன்னா தப்பு பண்ணேன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான்.

வுடு. நல்ல சேதி ஒன்னு இருக்குது. நீ பாறை மேல அக்கற உள்ள பொண்ணு, உங்கிட்ட சொல்லலாம். போன வாரம் அஞ்சலாட்சி ஆடு ஒன்னு காணாமப் போயி, அதத் தேடிக்கினு மலைக்குத் தெக்கால முள்ளுக்குள்ள போயிருக்கறா. அங்க ஒரு கொகை. உள்ள செவுரு பூரா இதே மாதிரி. மானு, மீனு, கூட்டங் கூட்டமா மனுசங்க. நம்ம பாறைய வுட ரெண்டு மடங்கு. நானே போயிப் பாத்தேன். எவனும் குடிக்கப் போனதில்ல, ஒரு கோகுல் இல்ல, அவ்ளோ சுத்தம். ஆனா எல்லாம் அதே மங்கலு, அதே தேய்மானம்.

அறவாழி சாருக்குச் சொல்லலாம்னு போன் பண்ணேன், அவுரு என் போன எடுக்கறதில்ல. ஒடம்பு சரியில்லயோ இன்னாவோ. ஆனா பாரு, ஜெயவேலுக்கு எப்படியோ தெரிஞ்சு போச்சு. ஆப்பிளு, ஆரஞ்சுன்னு தூக்கிக்கினு வூட்டுக்கே வந்துட்டான். அந்தத் தூசி செருப்போட வாசப்படி ஏறக்கூடாதுன்னேன். வெளிய நின்னே கும்புடறான். "பெரியம்மா, உங்கள மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்"ங்கறான். "அந்தக் கொகையையும் நீங்களே நல்லபடியா பண்ணி முடிங்க. காத்தவராயன் கூலிய நான் குடுத்துடறேன். சார்கிட்டல்லாம் இப்ப சொல்ல வேணாம், முடிஞ்சப்புறம் காட்டினா அசந்து போவாரு"ங்கறான். அவன் துட்டுன்னா எனக்குக் கொமட்டும். வேணாம்னுதான் சொல்ல வந்தேன். அப்புறம் யோசிச்சேன், செஞ்ச பாவம் உறுத்துது போல இருக்குது, அதான் பிராயச்சித்தம் தேடறான். எவன் துட்டா இருந்தா இன்னா, நல்ல காரியத்துக்குப் போனா சரி. இதுக்கு போர்டு வெச்சிட்டா எம் புள்ள திரும்பி வந்துடுவான். இந்த வாட்டி ஆபீசருங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிடணும்னு இருக்கறேன்.

ஏன் கண்ணு, கைய இப்படிப் புடிக்கற? மெதுவா, வளையல் குத்துது. என்னாத்துக்கு அழுவற? "வேணாம் வேணாம்"னா இன்னா வேணாம்? ஐயோ, நான் கஷ்டப்படறேன்னு அழுவறியா? எனக்கு ஒரு கஷ்டமும் இல்லம்மா. உளி புடிக்கறவன் அவன், நான் குந்திக்கினு சொல்லப் போறேன், அவ்ளோதான். இந்தக் காலத்துல எனக்காகக் கண் கலங்க ஒரு பொண்ணு இருக்குதே, எம் மருமவ இப்படி அமையணும். வுடு, வுடு, செஞ்சி வந்துடுச்சு. அதோ பாரு, பூக்கட கிட்ட டிவிஎஸ்ஸு வெச்சிக்கினு நிக்கறானே, அவன்தான் காத்தவராயன். கண்டக்டரே, நிறுத்துய்யா, எறங்கணும். காத்தவராயா, இருடா, வந்துட்டேன்! கையை வுடு கண்ணு. நீ அடுத்த வாரம் வந்து பாரு, பளபளன்னு இருக்கும். வரும்போது எப்படியாவது அறவாழி சாரையும் கூட்டினு வந்துடு. இதப் பாத்தா மனுசன் அப்படியே வாயடச்சுப் போயிடுவாரு.